'ரிப்யூடியேட்டட்'னு லெட்டர் வந்திருக்கா? அந்த ஒரு வார்த்தையைப் புரிஞ்சுக்கிட்டு அப்புறம் ஃபைலை மூடுங்க



போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலை. திருவொற்றியூர் தேரடி மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்துல டீ குடிச்சிட்டு இருந்தேன். நம்ம வீடியோ பார்க்கிற தம்பி ஒருத்தர் அடையாளம் கண்டுபிடிச்சு வந்து பேசினார். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டுல பில்லிங் வேலை, கையில வர்ற சம்பளம் இருபத்தெட்டாயிரம். கொஞ்ச நேரம் எஸ்.ஐ.பி., டேர்ம் பாலிசின்னு பேசிட்டு, தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, ரிப்யூடியேட்டட்னா நல்ல வார்த்தைதானே? ரெப்யூட்டட் கம்பெனின்னு சொல்வாங்களே, அந்த மாதிரி?"

சிரிப்பு வரலை எனக்கு. ஏன்னா அவர் போனைத் திறந்து அந்த லெட்டரோட போட்டோவைக் காட்டிட்டார். அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். செலவு ₹1,84,000. அம்மாவோட வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சு பில்லைக் கட்டிட்டு, ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல ரீஇம்பர்ஸ்மென்ட் க்ளெய்ம் போட்டிருக்கார். ரெண்டு பக்க லெட்டர் வந்திருக்கு, முழுக்க இங்கிலீஷ். தம்பி அதுல ரூபாய்க் கணக்கு எங்கேயாவது இருக்கான்னு தேடிப் பார்த்திருக்கார். இல்லை. ஏஜென்ட்டைக் கேட்டதுக்கு, "ப்ராசஸ்ல இருக்கு தம்பி, வரும்"னு சொல்லிட்டார். நம்பி, லெட்டரை பீரோவுல ஆதார் ஜெராக்ஸோட சேர்த்து வச்சிட்டார்.

லெட்டர் தேதியைப் பார்த்தேன். பதினாலு மாசம் ஆகியிருந்தது. அந்தப் பதினாலு மாசமும் அடகுக் கடையில வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு.

இன்னைக்கு இந்தக் கட்டுரை அந்த ஒரே ஒரு வார்த்தையைப் பத்தித்தான். இங்கிலீஷ் கிளாஸ் மாதிரி ஆரம்பிக்கும், பயப்படாதீங்க. முடியும்போது பணத்துல வந்து நிக்கும்.

வார்த்தையோட பிறப்பு

உச்சரிப்பு: ரி-ப்யூ-டி-யேட். அழுத்தம் 'ப்யூ'வில். 'ரெப்யூட்டேஷன்' என்ற வார்த்தையோட இதுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காதுக்கு ஒரே மாதிரி கேட்கும், அவ்வளவுதான்.

லத்தீன் மொழியில 'ரெபூடியும்' என்று ஒரு சொல். கட்டின மனைவியையோ நிச்சயம் பண்ணின பெண்ணையோ விலக்கி வைப்பதற்கு ரோமானியர்கள் வைத்திருந்த சட்டப் பெயர் அது. அதாவது, முன்பின் தெரியாத ஒருத்தரை 'வேண்டாம்' என்று சொல்வதில்லை. ஏற்கெனவே வாக்குக் கொடுத்து, உறவு ஏற்பட்ட பிறகு, 'இனி உனக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை' என்று சொல்வது.

திருவொற்றியூர்க்காரங்களுக்கு இதை விளக்க லத்தீனே தேவையில்லை. நம்ம தியாகராஜர் கோயில் மகிழ மரத்தடியில சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்கு 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த கதை, மாசி மாசம் மகிழடி சேவை பார்த்த யாருக்கும் தெரியும். அந்தச் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினவர் ரெண்டு கண்ணையும் இழந்தார் என்கிறது பெரிய புராணம். கொடுத்த வாக்கு முதல்ல, அதை உதறினது அடுத்து. ரிப்யூடியேட் என்ற சொல்லுக்குள்ள இந்த ரெண்டு படியும் உண்டு. (போகிற போக்கில் ஒண்ணு: 'ஒற்றி' என்றாலே அடமானம்னுதான் அர்த்தம். பணம் பத்தி எழுதுறவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்குமா!)

தமிழில் இதுக்கு நெருக்கமான சொல் 'மறுதலித்தல்'. பேச்சு வழக்குல 'கைகழுவுறது'. 'நிராகரித்தல்' என்று அகராதி போட்டாலும் அதுல பாதி அர்த்தம்தான் வருது. 'தள்ளுபடி' என்று மட்டும் மொழிபெயர்த்துடாதீங்க. அந்த வார்த்தை நம்ம ஊர்ல படாத பாடு படுது. ஆடித் தள்ளுபடின்னா சந்தோஷம், கடன் தள்ளுபடின்னா பெரிய சந்தோஷம், மனு தள்ளுபடின்னா துக்கம். 'க்ளெய்ம் தள்ளுபடி'ன்னு சொன்னா பாதிப் பேர் ஏதோ டிஸ்கவுன்ட்னு நினைச்சுப்பாங்க.

நிதி உலகத்துல இந்தச் சொல்லுக்குப் பேர்போன உதாரணம் 1918-ல் ரஷ்யா. புரட்சிக்குப் பிறகு வந்த சோவியத் அரசு, ஜார் மன்னர் ஆட்சி வாங்கின கடனை எல்லாம் 'அது எங்க கடன் இல்லை' என்று ஒரே ஆணையில் உதறியது. 'கட்ட முடியலை, டைம் குடுங்க'ன்னு கேட்டா அது டிஃபால்ட். 'கட்ட வேண்டிய பொறுப்பே எனக்கு இல்லை'ன்னு சொன்னா அது ரிப்யூடியேஷன். பிரான்சுல சேமிப்பைப் போட்டு ரஷ்யப் பத்திரம் வாங்கி வச்சிருந்த சாதாரண மக்கள் அந்த வித்தியாசத்தைக் கையைச் சுட்டுக்கிட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க.

எல்லா 'நோ'வும் ஒரே 'நோ' இல்லை

ஆபீஸ் மொழியில மறுப்புக்கு ஏகப்பட்ட வார்த்தை இருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கதவைச் சாத்துது. ஒவ்வொண்ணுக்கும் அடுத்து நீங்க செய்ய வேண்டியது வேற.

லீவ் அப்ளிகேஷன், லோன் அப்ளிகேஷன், பி.எஃப். வித்டிராயல் இதெல்லாம் 'ரிஜெக்ட்' ஆகும். நீங்க கேட்டீங்க, அவங்க எடுத்துக்கலை. பி.எஃப்.ல பெரும்பாலும் பேர் எழுத்து மாறியிருக்கும், இல்லைன்னா வேலையை விட்ட தேதி ஏறியிருக்காது. திருத்திட்டுத் திரும்பப் போடலாம். கடையில கார்டு தேய்ச்சா 'டிக்ளைன்' ஆகும். அது ஒரு மரியாதையான 'வேண்டாம்'. செக் 'டிஸ்ஆனர்' ஆகும். விசா 'ரெஃப்யூஸ்' ஆகும்.

'ரிப்யூடியேட்' மட்டும் இந்த வரிசையில சேராது. ஏற்கெனவே ஒரு ஒப்பந்தம் இருக்கணும், அதுல அவங்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கணும். அந்தப் பொறுப்பை மறுக்கும்போதுதான் இந்தச் சொல் வரும். "என் லீவை மேனேஜர் ரிப்யூடியேட் பண்ணிட்டார்"னு எழுதினா தப்பு. "கம்பெனி என் க்ளெய்மை ரிப்யூடியேட் பண்ணிடுச்சு" என்பது சரி. இலக்கணத்துலயும் ஒரு வித்தியாசம் உண்டு. 'ரெஃப்யூஸ் டு பே' என்று எழுதலாம். 'ரிப்யூடியேட் டு பே' என்று எழுதக் கூடாது. இந்த வினைக்குப் பின்னாடி நேரா ஒரு பொருள் வரணும்: க்ளெய்ம், லயபிலிட்டி, கான்ட்ராக்ட், கடன். பெயர்ச்சொல், ரிப்யூடியேஷன்.

இன்ஷூரன்ஸுக்கு உள்ளேயே இன்னும் நாலு வார்த்தை இருக்கு. இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழுறாங்க.

முதலாவது, 'கேஷ்லெஸ் டினைட்'. ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகி, இன்ஷூரன்ஸ் டெஸ்க்ல இந்தப் பதில் வந்ததும் பல குடும்பங்கள், 'சரி, இன்ஷூரன்ஸ் கிடையாது போல'ன்னு முடிவு பண்ணிடுது. தப்பு. 'ஆஸ்பத்திரிக்கு நேரா இப்போ பணம் தர மாட்டோம்' என்பது மட்டும்தான் அதுக்கு அர்த்தம். பில்லைக் கட்டிட்டு, ஒரிஜினல் பேப்பர்களோட ரீஇம்பர்ஸ்மென்ட் க்ளெய்ம் போட உங்களுக்கு உரிமை அப்படியே இருக்கு. க்ளெய்மே போடாத ஒரு விஷயத்தை யாரும் ரிப்யூடியேட் பண்ணியிருக்க முடியாது இல்லையா?

அடுத்தது 'கொயரி'. ஏதோ பேப்பர் கேட்கிறாங்க, பதில் அனுப்புங்க. பதில் போகலைன்னா அது 'க்ளோஸ்டு' ஆகும். இது மறுப்பு இல்லை, ஃபைலைக் கட்டி வச்சிருக்காங்க. பேப்பரைக் கொடுத்துத் திறக்கச் சொல்லலாம். நாலாவது 'டிஸ்அலவ்டு'. க்ளெய்மை ஒத்துக்கிட்டாங்க, ஆனா அதுல ஒரு பகுதியை வெட்டிட்டாங்க.

இந்த வெட்டு சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வருடாந்திர அறிக்கைப்படி, 2023-24-ல் ஹெல்த் இன்ஷூரன்ஸில் வந்த க்ளெய்ம்களோட மொத்த மதிப்பு சுமார் ₹1.17 லட்சம் கோடி. அதுல கொடுத்தது ₹83,493 கோடி. ரிப்யூடியேட் பண்ணினது ₹10,937 கோடி. டிஸ்அலவ் பண்ணினது ₹15,100 கோடி. முழுசா மறுத்ததைவிட, சத்தமில்லாம வெட்டினது அதிகம்! 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வண்டி வச்சிருந்தவங்களைக் கேளுங்க. மழைத் தண்ணியோட மணலி எண்ணெயும் கலந்து வீட்டுக்குள்ள வந்த நாள் அது. தண்ணியில நின்ன காரை 'ஓடுதா பார்ப்போம்'னு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்த ஒருத்தருக்கு, சீட்டுக்கும் வயரிங்குக்கும் பணம் வந்தது, இன்ஜினுக்கு வரலை. இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லைன்னா அந்தச் செலவு பெரும்பாலும் நம்ம தலையிலதான். அது ரிப்யூடியேஷன் இல்லை, டிஸ்அலவன்ஸ். லெட்டர்ல எந்த வார்த்தை இருக்குன்னு முதல்ல பாருங்கன்னு நான் கத்துறது இதுக்குத்தான்.

அந்த லெட்டர் அவங்க கையையும் கட்டுது

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம்.

'ரிப்யூடியேட்டட்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் கதை முடிஞ்சதுன்னு தோணும். சட்டம் அப்படிப் பார்க்கலை. பொறுப்பு இருந்தது, அதை நான் மறுக்கிறேன்னு ஒருத்தர் சொன்னா, 'ஏன்?' என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்லணும். உண்மையை மறைச்சீங்கன்னு கம்பெனி சொன்னா, மறைச்சதைக் காட்ட வேண்டியது கம்பெனியோட வேலை.

ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு 2024 மே 29 அன்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு மாஸ்டர் சர்க்குலர் போட்டது. அதுபடி, க்ளெய்ம் டிபார்ட்மென்ட்ல உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் தன்னிஷ்டத்துக்கு எதையும் ரிப்யூடியேட் பண்ண முடியாது. கம்பெனிக்குள்ள இருக்கிற ஒரு கமிட்டியோ, அதோட மூணு பேர் கொண்ட க்ளெய்ம்ஸ் ரிவ்யூ கமிட்டியோ ஒப்புதல் தரணும். முழுசா மறுத்தாலும் சரி, பாதி வெட்டினாலும் சரி, பாலிசியோட எந்த விதிப்படின்னு குறிப்பிட்டு எழுதணும். 'பாலிசி விதிமுறைகளின்படி' என்று பொத்தாம்பொதுவா ஒரு வரி போட்டிருந்தா, உங்க முதல் கேள்வியே 'எந்த விதி, எந்த எண்?' என்பதுதான்.

லைஃப் இன்ஷூரன்ஸில் இதுக்குப் பிரிவு 45 இருக்கு. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பாலிசி எடுத்து 3 வருஷம் தாண்டிட்டா எந்தக் காரணம் சொல்லியும் அந்த பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. 3 வருஷத்துக்குள்ள கேள்வி கேட்டாலும், காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்துல கொடுக்கணும். மோசடி இல்லாத, வெறும் தவறான தகவல் என்றால், கட்டின பிரீமியத்தை 90 நாளுக்குள்ள திருப்பித் தரணும். ஹெல்த் பாலிசியில இதே மாதிரியான காலம் 60 மாசம். இடைவெளி இல்லாம 5 வருஷம் புதுப்பிச்சிட்டு வந்தீங்கன்னா, மோசடி நிரூபணமானா ஒழிய, 'அன்னைக்கு சொல்லலை'ன்னு இன்னைக்கு மறுக்க முடியாது. பிரீமியத் தேதியைத் தவற விடாதீங்கன்னு ஒவ்வொரு வீடியோவுலயும் நான் சொல்றதுக்குப் பின்னாடி இருக்கிறது இந்தக் கணக்கு.

இன்னொரு விஷயம். இது பலருக்குத் தெரியாது. லெட்டர்ல என்ன காரணம் எழுதினாங்களோ, அதைத்தான் அவங்க கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். 2019-ல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் நிறுவனத்துக்கும் நேஷனல் இன்ஷூரன்ஸுக்கும் நடந்த வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாச் சொன்னது. நிலக்கரிக் குவியல் தானாவே சூடேறிக் கனன்று போன நஷ்டம் அது. நிலக்கரி அப்படித் தானா கனலும்னு வடசென்னைக்காரங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. க்ளெய்மை மறுத்த லெட்டர்ல 'தாமதமாத் தகவல் சொன்னீங்க' என்ற காரணமே இல்லை. கேஸ் போன பிறகு அந்தக் காரணத்தை எடுத்தாங்க. லெட்டர்ல இல்லாத காரணத்தைப் பிறகு சேர்க்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. அதனாலதான் அந்த லெட்டர் உங்களுக்கு ஒரு சொத்து. பீரோவுல போட்டு மறக்கிற பேப்பர் இல்லை.

தாமதம்னு சொன்னேன் இல்லையா, அதுலயும் ஒரு தீர்ப்பு உண்டு. லாரி திருடு போன ஒருத்தர், போலீஸோட சேர்ந்து தேடி அலைஞ்சதுல, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எட்டு நாள் லேட்டாத் தகவல் சொன்னார். க்ளெய்ம் போச்சு. 2017 அக்டோபர் 4-ல் உச்ச நீதிமன்றம், திருட்டு உண்மைன்னு தெரிஞ்ச பிறகும் இப்படி டெக்னிக்கல் காரணத்துக்காக இயந்திரத்தனமா மறுத்தா மக்களுக்கு இன்ஷூரன்ஸ் மேலேயே நம்பிக்கை போயிடும்னு சொல்லி, பணம் தர உத்தரவிட்டது. தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான க்ளெய்மை மறுக்காதீங்கன்னு 2011-லேயே ஐ.ஆர்.டி.ஏ.வோட சர்க்குலரும் இருக்கு.

நம்ம ஊர் கம்பெனி சம்பந்தப்பட்டதும் ஒண்ணு சொல்றேன். யுனைட்டெட் இந்தியா இன்ஷூரன்ஸோட தலைமை அலுவலகம் சென்னையிலதான் இருக்கு. ஒருத்தர் 2009-ல் உறவினர் கல்யாணத்துக்காக அமெரிக்கா போறதுக்கு அவங்ககிட்ட டிராவல் மெடிக்ளெய்ம் எடுத்தார். சான்ஃபிரான்சிஸ்கோவுல இறங்கினதுமே நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வச்சாங்க. கொலஸ்ட்ரால், சர்க்கரை விவரத்தை முழுசா சொல்லலைன்னு க்ளெய்ம் ரிப்யூடியேட் ஆச்சு. சர்க்கரை இருக்குன்னு பாலிசி எடுக்கும்போதே மருத்துவப் பரிசோதனையில எழுதியிருந்தது. 2021 டிசம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் அந்த ரிப்யூடியேஷன் சட்டப்படி செல்லாதுன்னு சொன்னது. தெரிஞ்சே பிரீமியம் வாங்கிட்டு, தெரிஞ்ச நோயையே காரணம் காட்டி மறுக்கக் கூடாது.

இதைப் படிச்சிட்டு 'எல்லா ரிப்யூடியேஷனும் அநியாயம்'னு கிளம்பிடாதீங்க. 2009-ல் நியூ இந்தியா அஷூரன்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம்தான் நின்றது. பல வருஷச் சர்க்கரை நோயும், சிறுநீரகக் கோளாறும் இருந்தவர், அதை ஃபார்ம்ல சொல்லாம மெடிக்ளெய்ம் எடுத்திருந்தார். சென்னை மருத்துவமனை ஒண்ணு கொடுத்த சான்றிதழ்லயே அது வெளிய வந்தது. ரிஸ்க்கை எடை போட உதவுற எந்த விவரமும் முக்கிய விவரம்தான், அதை மறைச்சா பாலிசி நிக்காதுன்னு தீர்ப்பு. எனக்கு அதுல மாற்றுக் கருத்து இல்லை. அதே நேரம், 2015-ல் எல்.ஐ.சி. வழக்கு ஒண்ணுல, முதுகெலும்புத் தேய்மானத்தைச் சொல்லாதவர் மாரடைப்பில் இறந்தப்போ, மறைச்ச நோய் உயிருக்கு ஆபத்தானதும் இல்லை, சாவுக்குக் காரணமும் இல்லைன்னு குடும்பத்துக்குச் சாதகமா அதே நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஒவ்வொரு கேஸும் அதோட பேப்பரைப் பொறுத்தது. சொந்தமா ஒரு வார்த்தை: அம்மா அப்பாவுக்கு பாலிசி எடுக்கும்போது ஃபார்மை ஏஜென்ட் நிரப்பட்டும், ஆனா ஓ.டி.பி. சொல்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேள்விக்கும் என்ன பதில் போட்டிருக்கார்னு நீங்க படிங்க.

தம்பியோட லெட்டர்ல என்ன இருந்தது

மறுபடியும் தேரடி டீக்கடைக்கு வருவோம்.

லெட்டரை ரெண்டு தடவை படிச்சோம். காரணம் ஒண்ணே ஒண்ணு: நோயாளிக்கு 6 வருஷமா ரத்த அழுத்தம் இருக்கு, ப்ரபோசல் ஃபார்ம்ல சொல்லலை. ஆதாரம், டிஸ்சார்ஜ் சம்மரியில இருக்கிற ஒரு வரி. பாலிசி எடுத்து அப்போ ரெண்டு வருஷம்கூட ஆகலை.

"அம்மாவுக்கு ஆறு வருஷமா பி.பி.யா?"

"இல்லைண்ணா. ஆறு மாசம்தான் அப்போ. வீட்டுக்கே வந்து செக் பண்ணிக் கண்டுபிடிச்சாங்க."

யாரு வந்து செக் பண்ணினாங்க? மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச திட்டம்; வீட்டுக்கு வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரையும் தருவாங்க. அந்தப் பதிவுல முதல் பரிசோதனைத் தேதி இருந்தது. அது பாலிசி தேதிக்கு ஒரு வருஷத்துக்கும் மேல பிந்தினது. அட்மிஷன் அன்னைக்கு ராத்திரி, வலியில துடிச்சிட்டு இருந்த அம்மா சொன்ன 'ஆறு மாசம்', டியூட்டி டாக்டர் கையில '6 வருஷம்' ஆயிடுச்சு. அவ்வளவுதான் விஷயம். ₹1,84,000 அந்த ஒரு வார்த்தையில மாட்டிக்கிட்டு இருந்தது.

(உங்க வீட்ல யாரையாவது அட்மிட் பண்ணினா, எத்தனை நாளா, எத்தனை மாசமான்னு டாக்டர் கேட்கும்போது பக்கத்துல நில்லுங்க. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கின உடனே அந்த வரியைப் படிச்சுப் பாருங்க. தப்பா இருந்தா அங்கேயே திருத்தி வாங்குறது சுலபம். பதினாலு மாசம் கழிச்சு போனா, அந்த டாக்டரே வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. ஆபரேஷன் பண்ணின சர்ஜன் இருந்ததால, அவர்கிட்ட திருத்தச் சான்றிதழ் வாங்க முடிஞ்சது.)

அதுக்கப்புறம் நேரக் கணக்கு. இதுல கோட்டை விட்டா, நியாயம் உங்க பக்கம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

முதல் படி, கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுத்துல முறையீடு. போன்ல பேசினது கணக்குல வராது. 14 நாளுக்குள்ள அவங்க முடிவு சொல்லணும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட 'பீமா பரோசா' தளத்துலயும் பதிவு பண்ணலாம், 155255-க்கும் கூப்பிடலாம். ரெண்டாவது படி, இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். முறையீட்டை கம்பெனி மறுத்த நாள்ல இருந்து, அல்லது ஒரு மாசம் ஆகியும் பதில் வரலைன்னா அந்த மாசம் முடிஞ்ச நாள்ல இருந்து, 1 வருஷத்துக்குள்ள போகணும். கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம், வக்கீலை அனுமதிக்கவும் மாட்டாங்க. ₹50 லட்சம் வரைக்கும் கேட்கலாம். பேப்பரெல்லாம் முழுசா சேர்ந்த பிறகு 3 மாசத்துக்குள்ள அவார்டு தரணும்னு விதி. அந்த அவார்டு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளுக்குள்ள நிறைவேத்தணும். உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா நீங்க அடுத்த கதவைத் தட்டலாம். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்காலுக்கான ஆம்புட்ஸ்மேன் இருக்கிறது சென்னையில. அண்ணா சாலை, தேனாம்பேட்டை. திருவொற்றியூர்ல மெட்ரோ ஏறினா வண்டி மாறாம அங்கேயே போய் இறங்கலாம். ஆன்லைன்லயும் புகார் போடலாம்.

அந்த அடுத்த கதவு, நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி 2 வருஷத்துக்குள்ள போகணும். ரிப்யூடியேட் பண்ணின நாள்ல இருந்து இந்தக் கடிகாரம் ஓடும். நீங்க கம்பெனிக்கு மறுபடி மறுபடி மெயில் போட்டுட்டே இருந்தா அந்தக் கடிகாரம் நிக்காது. நிறைய பேர் 'பேசிட்டு இருக்கோம், பேசிட்டு இருக்கோம்'னு ரெண்டு வருஷத்தையும் தொலைச்சிட்டு வர்றாங்க. இன்னொரு எச்சரிக்கை: கேஸை ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்துல போட்டுட்டா, அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அதனால இலவசமான கதவை முதல்ல தட்டுங்க.

தம்பிக்கு அந்த ரெண்டு வருஷத்துல பத்து மாசம் மிச்சம் இருந்தது. அன்னைக்கு சாயங்காலமே உட்கார்ந்து முறையீடு எழுதினோம். நாலே பாராதான், திட்டு, புலம்பல் எதுவும் இல்லை. ஆரம்பம் இப்படி:

"தங்கள் கடிதத்தில் என் தாயாரின் க்ளெய்மை ரிப்யூடியேட் செய்ததற்கு நீங்கள் கூறியுள்ள ஒரே காரணம், பாலிசிக்கு முன்பே அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது என்பது. அதற்கு நீங்கள் காட்டும் ஒரே ஆதாரம் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு வரி. அந்த வரி தவறு என்பதற்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரின் சான்றிதழையும், அரசுத் திட்டத்தில் முதன்முதலில் நோய் கண்டறியப்பட்ட தேதிக்கான பதிவையும் இணைத்துள்ளேன்."

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. "எங்கள் முடிவில் மாற்றமில்லை." தம்பி மூஞ்சி தொங்கிப் போச்சு. எனக்கு அது நல்ல செய்தி. ஆம்புட்ஸ்மேன்கிட்ட போறதுக்குத் தேவையான பேப்பர் அதுதான். புகார் போட்டார். போன மாசம் ஹியரிங், வீடியோ கால்லயே முடிஞ்சது. கம்பெனி சார்பா வந்தவர் ஆறு வருஷம் என்ற அந்த வரியைத்தான் படிச்சார். அரசுப் பதிவுல இருக்கிற தேதிக்கு அவர்கிட்ட பதில் இல்லைன்னு தம்பி சொல்றார்.

அவார்டு இன்னும் வரலை. வளையலும் சங்கிலியும் இன்னும் அடகுக் கடையிலதான் இருக்கு. வட்டி மட்டும் மாசா மாசம் கட்டிட்டு இருக்கார். முடிவு எப்படி வந்தாலும் அடுத்த பதிவுல எழுதுறேன். அதுக்குள்ள உங்க வீட்டு பீரோவுல இன்ஷூரன்ஸ் கம்பெனி லெட்டர் ஏதாவது மடிச்சு வச்சது கிடக்கான்னு பாருங்க. கிடைச்சா, அதுல இருக்கிற வினைச்சொல் எது, தேதி என்ன, காரணம் என்ன, இந்த மூணை மட்டும் கமென்ட்ல போடுங்க. பாலிசி நம்பரையும் பேரையும் போட்டுடாதீங்க.